டச் ஸ்கிரீனுக்கு முன்னால் ஒரு வடக்கயிறு வாங்குங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் முன்கட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சிறிய அறிவியல் காட்சியகமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. ஓர் அறையை வருங்காலப் போக்குவரத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். சுற்றுச்சூழலைக் கெடுக்காத பயணம் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் விளையாடியே தெரிந்துகொள்ள வேண்டும். நாலைந்து டச் ஸ்கிரீன் வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்:

போதாது, டீச்சர். ஸ்கிரீனே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதிலிருந்து தொடங்க வேண்டாம் என்கிறேன்.

இருபது வருடமாகத் திருச்சியில் அறிவியல் காட்சிப் பொருள்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் ஒரு பள்ளிக்கு இதே தலைப்பில் ஆறு ஸ்கிரீன் வைத்துக் கொடுத்தேன். 'எந்த வண்டி அதிகப் புகை விடும்?' என்று கேள்வி வரும். சரியான படத்தைத் தொட்டால் கைதட்டல் சத்தம் கேட்கும். இரண்டாம் நாளே பிள்ளைகள் எல்லாப் படத்தையும் வரிசையாகத் தட்டிக் கைதட்டலை வரவழைக்கப் பழகிவிட்டார்கள். கேள்வியை ஒருவரும் படிக்கவில்லை. நாலே மாதத்தில் உப்புக் காற்றும் கரண்டின் ஏற்ற இறக்கமும் சேர்ந்து நாலு ஸ்கிரீனை முடித்துவிட்டன. அதே அறையின் மூலையில், இடம் காலியாக இருக்கிறதே என்று நான் வைத்த மரச்சக்கரம் ஒன்று, கையால் சுற்றுவது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து என் வேலைமுறையே மாறிவிட்டது.

பார்வையாளர் கையை வைத்து இயக்கிப் பார்க்கலாம் என்ற வழக்கம் புதிதல்ல. 1903இல் நிறுவப்பட்ட மூனிக் நகரின் டாய்ச்சஸ் மியூசியம் அதைப் பெரிதாகப் பரப்பிய இடங்களில் ஒன்று. 1969இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் திறந்தபோது இன்னும் ஒரு படி முன்னால் போனார். பொத்தானை அழுத்தினால் ஒரே விடை வருவதற்குப் பதிலாக, நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்களோ அப்படி விடை மாறும் பொருள்கள் அங்கே நிறைந்தன. உங்கள் அறைக்கும் அதைத்தான் கேட்கிறேன். பிள்ளை ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்வுக்காக வேறு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நேரம், காசு, இடம், மூச்சு எதுவாகவும் இருக்கலாம். எதையும் இழக்காமல் ஜெயிக்கிற விளையாட்டு போக்குவரத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

அதனால்தான் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனையான பரமபதத்தை வேண்டாம் என்கிறேன். 'சைக்கிளில் போனால் ஏணி, தனியாகக் காரில் போனால் பாம்பு' என்று வரைவது சுலபம், தரையில் பெரிதாக வரைந்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் பரமபதத்தில் ஆடுகிறவர் எதையும் முடிவு செய்வதில்லை, தாயக்கட்டைதான் முடிவு செய்கிறது. ஏகாதசி இரவில் விதியையும் வினையையும் சொல்ல அது பொருத்தமான ஆட்டம். பஸ்ஸா, பைக்கா என்பது தாயம் போட்டு வருகிற விஷயம் இல்லை.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ரயில் ஓட்டும் சிமுலேட்டர்கள் டில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடுவார்கள், சந்தோஷப்படுவார்கள். ரயில் ஓட்டுவது எப்படி என்று தெரியும். யாருக்காக, எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு ஓட்ட வேண்டும் என்பது தெரியாது. நம் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் ஓட்டுநராகலாம். அத்தனை பேரும் பயணிகள்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு விளையாட்டுகளுக்கு வருகிறேன். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஃபியூச்சராமா' என்று ஒன்றை வைத்தது. நார்மன் பெல் கெடஸ் வடிவமைத்தது. நகரும் நாற்காலியில் உட்கார்ந்தபடி 1960ஆம் ஆண்டின் அமெரிக்காவை மேலிருந்து பார்க்கலாம். அகன்ற நெடுஞ்சாலைகள், அவற்றில் பொம்மைக் கார்கள். வெளியே வரும்போது 'நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்' என்று எழுதிய பேட்ஜ் ஒன்று கொடுத்தார்கள். கார் விற்கும் கம்பெனி காட்டிய எதிர்காலத்தில் காருக்குத்தான் இடம் இருந்தது. பிற்பாடு அந்த நாடு காரை நம்பியே வளர்ந்ததற்கு அந்தக் காட்சி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் செலவு செய்கிறார்களோ அவர்களுடைய எதிர்காலம்தான் கண்காட்சியில் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு நன்கொடை தருகிறவர் வண்டி ஷோரூம் வைத்திருந்தால், பெயர்ப் பலகையை வெளி வாசலில் மாட்டுங்கள், விளையாட்டுக்குள் வர விடாதீர்கள்.

சரி, அறைக்குள் போவோம்.

வாசலிலேயே எட்டுக் கண்ணாடிக் குழாய்கள் வையுங்கள். நடை, சைக்கிள், பஸ், பள்ளி வேன், பைக், ஆட்டோ, கார், ரயில். உள்ளே வரும் ஒவ்வொருவரும் இன்று எதில் வந்தாரோ அதில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். மாதக் கடைசியில் எண்ணி, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள். உங்கள் ஊரின் கணக்கைப் பிள்ளைகளே எடுத்ததாக இருக்கும்.

முதல் ஆட்டத்துக்குப் பெயர் 'வடம் பிடித்தல்'. ஒரே எடையுள்ள இரண்டு வண்டிகள். ஒன்று ரப்பர் டயரில், தரையில். இன்னொன்று இரும்புச் சக்கரத்தில், பத்தடி நீளத் தண்டவாளத்தில். இரண்டிலும் நாலு நெல் மூட்டை. கயிற்றின் நடுவில் ஒரு வில் தராசு. ஒரு பிள்ளை இழுத்துப் பார்க்கட்டும். உண்மையான ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உருள வேண்டிய இழுவிசை, தார் ரோட்டில் டயர் உருள வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். உங்கள் சின்ன வண்டியில் வித்தியாசம் அவ்வளவு வராமல் போகலாம், ஆனால் கைக்குத் தெரியும். அப்புறம் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டு மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். அடுத்து டயர் வண்டியின் பாதையில் ஈரக் களிமண் தட்டு ஒன்றை வையுங்கள். மழைக்காலத்தில் கரை ரோட்டில் வண்டி தள்ளிய வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

இந்த இடத்தில் திருவாரூர் ஆழித்தேரின் படத்தை மாட்டுங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. தேரில் எஞ்சின் கிடையாது, மனிதர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள், பின்னாலிருந்து புல்டோசர்கள் தள்ளிக் கொடுக்கின்றன, முட்டுக்கட்டை போட்டுத் திருப்புகிறார்கள். அதன் ஹைட்ராலிக் பிரேக்கைச் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். உருளும் சக்கரத்தின் அருமையைச் சொல்ல இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை. அதற்குப் பக்கத்தில் நெல் கணக்கு: தஞ்சாவூரிலிருந்து 21 வேகன்களில் 1,250 டன் நெல் கிளம்புகிறது என்று அடிக்கடி செய்தி பார்க்கிறோம். நாற்பது கிலோ மூட்டையாகப் பார்த்தால் 31,250 மூட்டை. லாரிக்கு 25 டன் என்றால் 50 லாரி. பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே 1861இல் ரயில் ஓடத் தொடங்கியது, நீராவியில். விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூர் வரையும், மயிலாடுதுறை - திருவாரூர் பாதையும் சேர்த்து 228 கிலோமீட்டர் மின்மயமானது 2021இல். எதிர்காலம் என்றதும் பறக்கும் காரை வரையும் பிள்ளைகளிடம், உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு மேலே போகும் அந்தக் கம்பியைக் காட்டுங்கள்.

தரையில் ஒரு கார் நிற்கும் அளவு, ஐந்து மீட்டருக்கு இரண்டரை மீட்டர், கோடு போடுங்கள். அதற்குள் எத்தனை பேர் நிற்கலாம், எத்தனை சைக்கிள் நிறுத்தலாம் என்று பந்தயம் வையுங்கள். செலவே இல்லாத ஆட்டம், அலுக்கவே அலுக்காது.

பெடல் ஆட்டம் பல அருங்காட்சியகங்களில் உண்டு: மிதித்தால் பல்பு எரியும். அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. பெரியவர் ஒருவர் 100 வாட் வீதம் பத்து நிமிடம் மிதித்தால் சுமார் 17 வாட்-மணி மின்சாரம் (ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). இதை ஒரு நூல் உருண்டையாக மாற்றுங்கள்: அந்த மின்சாரத்தில் ஒரு வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நூல். மிதித்து முடித்ததும் சுவர் வரைபடத்தில் உங்கள் வீட்டிலிருந்து நூலைப் பிடித்துப் பார்க்க வேண்டும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி எடுக்கும் என்று வைத்தால், நூல் அரை கிலோமீட்டர் தாண்டும். எலக்ட்ரிக் காருக்கு 150 என்றால், 110 மீட்டர், அடுத்த தெருமுனை. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர் எரிக்கும் பெட்ரோலின் ஆற்றலை அதே அளவில் கணக்கிட்டால் 90 மீட்டர் சொச்சம்தான். பெரும்பகுதி சூடாகவே போய்விடுகிறது. ஐம்பது பேர் ஏறிய எலக்ட்ரிக் பஸ்ஸில் ஒருவருடைய பங்காகப் பார்த்தால் முக்கால் கிலோமீட்டர் கிட்ட வரும். கடைசியில் இன்னொரு நூலைக் கையில் கொடுங்கள்: அதே பத்து நிமிடத்தை நிஜ சைக்கிளில் மிதித்திருந்தால் மூன்று கிலோமீட்டர் போயிருப்பீர்கள். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளை வீட்டில் சார்த்தி வைத்திருக்கும் பையன் இந்த நூலை நீட்டிப் பார்க்கும்போது அவன் முகத்தைக் கவனியுங்கள்.

மின்சார வண்டி என்றாலே புகையில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பிள்ளைகளை ஏமாற்றுவது. கொள்ளிடத்துக்கு வடக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறோம். இந்தியாவின் சராசரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 0.7 கிலோ கரியமில வாயு. அப்படியும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் கணக்கு பெட்ரோல் ஸ்கூட்டரில் பாதியளவுதான் வரும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது இன்னும் குறையும். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிறோமே, அந்தக் காற்றில்தான் தமிழ்நாட்டின் காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றுகின்றன. பேட்டரியை எந்த மாதம், எந்த நேரத்தில் ஏற்றுவது என்று பிள்ளைகள் சீட்டு எடுத்து முடிவு செய்யும்படி ஒரு சிறு பலகை போதும்.

அடுத்தது நாற்பது பிள்ளைகள் சேர்ந்து ஆடும் 'குறுக்குச் சந்து'. உங்கள் முற்றம் இதற்குத் தோதாக இருக்கும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக இரண்டு வழி. ஒவ்வொரு வழியிலும் ஒரு குறுகல் பகுதி, ஓர் அகலப் பகுதி. முதல் வழியில் குறுகல் முன்னால், இரண்டாவதில் பின்னால். அகல ரோட்டில் எத்தனை பேர் போனாலும் 45 நிமிடம். குறுகலில் எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை நிமிடம். பிள்ளைகள் பாதிப் பாதியாகப் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் 20 கூட்டல் 45, ஆக 65 நிமிடம். இப்போது நடுவில் ஒரு குறுக்குச் சந்தைத் திறந்துவிடுங்கள், அதைக் கடக்க நேரமே ஆகாது. முதல் வழியின் குறுகலில் நுழைந்து, சந்தில் திரும்பி, இரண்டாம் வழியின் குறுகலில் வெளியேறலாம். நாற்பது பேரும் போனாலும் குறுகலில் 40 நிமிடம்தானே, 45ஐ விடக் குறைவு என்று ஒவ்வொருவரும் சந்துக்கே ஓடுவார்கள். கூட்டிப் பார்த்தால் 40 கூட்டல் 40, ஆளுக்கு 80 நிமிடம். புது வழி திறந்ததால் எல்லோருக்கும் கால் மணி நேரம் நஷ்டம். 1968இல் டீட்ரிச் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் எழுதிய முரண் இது. கணக்காகச் சொன்னால் பெரியவர்களே நம்ப மாட்டார்கள். ஆடிப் பார்த்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், 'சந்தை மூடுங்க சார்' என்று அவர்களே கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதனால் புறவழிச்சாலை எல்லாமே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரோடு போட்டால் நெரிசல் தீரும் என்பது எப்போதும் உண்மையில்லை, அவ்வளவுதான். தென் கொரியாவின் சியோல் நகரில் சியோங்கியேசியோன் ஓடையை மூடி மேலே கட்டியிருந்த உயர்மட்டச் சாலையை இடித்து, 2005இல் ஓடையை மறுபடி திறந்தார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடவில்லை. ஜனங்கள் பஸ்ஸையும் ரயிலையும் வேறு வழிகளையும் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்கால்களை மூடி ரோடு போடும் ஊர்க்காரர்களான நமக்கு அந்தப் படங்கள் பேசும். முற்றத்து ஆட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

கடைசி ஆட்டம்தான் என் மனசுக்கு நெருக்கமானது. பெயர் 'கடைசி பஸ்'. பல்லாங்குழிப் பலகையைப் பெரிதாகச் செய்யுங்கள், இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. மேல் வரிசை கிராமத்திலிருந்து டவுனுக்கு, கீழ் வரிசை டவுனிலிருந்து கிராமத்துக்கு. ஏழு குழியும் ஏழு நேரம்: விடியற்காலை நாலு, காலை ஏழு, ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு, ஏழு, இரவு பத்து. கையில் ஆறே ஆறு சோழி. ஒரே பஸ், மூன்று முறை போய் மூன்று முறை வரும். ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மனிதரின் சீட்டு: பூ மார்க்கெட்டுக்குப் போகும் பூக்காரம்மா, ப்ளஸ் டூ மாணவி, டயாலிசிஸுக்குப் போகும் தாத்தா, நைட் டியூட்டி நர்ஸ், பக்கத்து ஊருக்கு நடவுக்குப் போகும் பெண்கள், சொந்த பைக் உள்ள கல்லூரிப் பையன். போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆறு சோழியில் அத்தனை பேருக்கும் வராது. பேசித்தான் தீர்க்க வேண்டும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதனால் இந்த ஆட்டத்தில் டிக்கெட் காசு வராது. வண்டி வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான் சிக்கல். டெல்டாவில் எந்தக் கிராமத்துப் பெண்ணிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளித் தாழ்வாரத்தில் இதை அட்டையில் செய்து ஆட வைத்தேன். நாலு பெண் பிள்ளைகள் எல்லாச் சோழியையும் காலை ஏழு, ஒன்பது, மாலை நாலு, ஏழு என்று பள்ளி நேரத்திலேயே போட்டுவிட்டார்கள். பேத்தியைக் கூட்டிப்போக வந்து நின்ற ஒரு மூதாட்டி குனிந்து பார்த்து, 'விடியக்கால நாலு மணி வண்டி இல்லன்னா என் பூவு எங்க போவும் பாப்பா? ஏழு மணிக்குப் போனா ஏலம் முடிஞ்சிரும்ல' என்றார். ஒரு பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'ஒன்பது மணிச் சோழிய எடுத்து உங்களுக்குப் போட்டுக்கிறோம் ஆயா, நாங்க ஏழு மணி வண்டிலயே போயிக்கிறோம்' என்றது. அந்த நிமிடத்தில் அந்தத் தாழ்வாரம் போக்குவரத்துக் கழகத்தின் திட்ட அறை ஆகிவிட்டது. எந்த ஸ்கிரீனிலும் இதை நான் பார்த்ததில்லை.

முதல் சுற்று முடிந்ததும் மூன்று சிறிய மணிகளைக் கொடுங்கள், எலக்ட்ரிக் ஷேர் ஆட்டோ. எந்த நேரத்திலும் ஓடும், ஆனால் நாலு பேர்தான் ஏறலாம், ஒரு நடைக்குப் பிறகு ஒரு குழி நேரம் சார்ஜில் நிற்க வேண்டும். தாத்தாவுக்கா, நர்ஸுக்கா என்று மறுபடி பேச்சு எழும். பிறகு காலச் சீட்டுகள். 'சம்பா அறுவடை': கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர்கள் ரோட்டை அடைக்கும், ஒரு சோழி போச்சு. 'மகாமகம் 2028': உங்கள் ஊருக்கே லட்சக்கணக்கில் ஜனம், அன்று எதை ரயிலுக்கு மாற்றுவது? பிறகு 'புயல்' சீட்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மரங்கள் விழுந்து ரோடு அடைபட்டது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இந்தச் சீட்டு வந்தால் சார்ஜ் செய்ய முடியாது, ஷேர் ஆட்டோ மணிகள் மூன்றும் வெளியே. அப்போது எது ஓடும்? சைக்கிள் ஓடும், கால் நடக்கும், டெப்போவின் கூரையில் சோலார் தகடும் பேட்டரியும் முன்கூட்டியே வாங்கியிருந்தால் ஷேர் ஆட்டோ மணிகளில் ஒன்று மட்டும் ஓடும். வாங்குவதற்கு முதல் சுற்றிலேயே ஒரு சோழியை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு எதிர்காலப் போக்குவரத்து என்றால் புயலுக்கு மறுநாளும் சேர்த்துத்தான். வெளிநாட்டு விளையாட்டை அப்படியே வாங்கிப் போட்டால் இந்தச் சீட்டு அதில் இருக்காது.

ஸ்கிரீன் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்றால், 'கடைசி பஸ்' ஆடி முடித்தவர்களின் பலகையைப் படம் எடுத்து வரிசையாகக் காட்டப் பயன்படுத்துங்கள். நேற்று வந்த திருவிடைமருதூர்ப் பிள்ளைகள் சோழியை எங்கே போட்டார்கள் என்று இன்று வரும் வலங்கைமான் பிள்ளைகள் பார்க்கட்டும்.

செய்யும் முறையைப் பற்றி: எல்லாவற்றையும் முதலில் அட்டையிலும் சாக்பீஸிலும் செய்து, பத்து நாள் ஆட விட்டு, எங்கே குழம்புகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தச்சரிடம் போங்கள். விதிமுறை நாலு வரிக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். வாட்-மணி, கரியமில வாயு எண்களை அச்சடிக்க வேண்டாம், பலகையில் எழுதுங்கள், வருடா வருடம் மாறும். பெடலையும் சக்கரங்களையும் உங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரிடமே செய்யச் சொல்லுங்கள், பழுதானால் பத்து நிமிடத்தில் வந்து நிற்பார். வடத்தை மட்டும் நைலானில் வாங்காதீர்கள், வழுக்கி உள்ளங்கையைத் தேய்த்துவிடும். தேங்காய் நார்க் கயிறாகப் பார்த்து வாங்கி, பிள்ளைகள் பிடிக்கும் இடத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள்.